முகில் கண்டு மழை உரைத்தல்

வானிலை முன்னறிவிப்பு அறிவா, ஐயமா, இரண்டிலும் சேராத வேறொன்றா என்னும் வினா, வானம் முற்றிலும் தெளிந்தோ முற்றிலும் இருண்டோ நிற்கும் நாள்களில் எழுவதில்லை. நிலைமை ஒரு விளிம்பில் நின்று, ஒரு பாகை வெப்பமோ ஒரு மணி நேரக் காற்றோ விளைவையே மாற்றிவிடக்கூடிய நாள்களில்தான் அது கூர்மை பெறுகிறது. குளிர்காலத்தில் தரையருகு வெப்பநிலை உறைநிலையை ஒட்டி நிற்கும்போது விழப்போவது வெண்பனியா, மழையா, இரண்டும் கலந்ததா என்று முன்கூட்டிச் சொல்வது வானிலையாளரின் மிகக் கடினமான பணிகளுள் ஒன்றாக இருப்பது இதனால்தான். முகிலில் பனிச்சீவல்களாகத் தோன்றுபவை இறங்கும் வழியில் உறைநிலைக்கு மேற்பட்ட வெப்பமுடைய காற்றடுக்கைச் சந்தித்தால் உருகி மழையாகின்றன. அவ்வடுக்கின் தடிப்பு சில நூறு அடி குறைந்தால் உருகாமலேயே தரையைத் தொடுகின்றன. பனி உருகும்போது சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதால், பொழிவு வலுத்தால் காற்று தானாகவே குளிர்ந்து மழை பனியாக மாறும். பொழிவு மெலிந்தால் மழை மழையாகவே நிற்கும். எவ்வளவு விழும் என்பதில் நேரும் சிறு பிழை, எது விழும் என்பதையே பிழையாக்கிவிடுகிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்திலுள்ள சிம்லா போன்ற மலை நகரில், ஒரே முகிலின் பொழிவு மேட்டில் பனியாகவும் பள்ளத்தில் மழையாகவும் விழக்கூடும். அந்நகரைப் பற்றிக் கூறப்பட்ட ஒரே முன்னறிவிப்பு ஒரு தெருவில் மெய்யாகவும் மற்றொரு தெருவில் பொய்யாகவும் முடியும்.

இச்சிக்கல் கேரளத்துக்கு அயலானது என்று தோன்றலாம். ஆயினும் கொச்சிக்கு மேலே ஏறத்தாழ 5 கிலோமீட்டர் உயரத்தில் உறைநிலை மட்டம் நிற்கிறது. அதனைத் தாண்டி ஓங்கும் இடிமுகில்களில் பனித்துகள்கள் உண்டாகி, உருகி, வெதுவெதுப்பான மழையாகத் தரையை அடைகின்றன. உறைநிலை தரைக்கே இறங்கிவரும் இடமும் அம்மாநிலத்தில் உண்டு. மூணாற்றின் தேயிலைச் சரிவுகளில் திசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான சில இரவுகளில், காற்று அசையாது, வானில் முகிலின்றி இருந்தால், நிலம் தன் வெப்பத்தை வானுக்கு விட்டுவிட்டு உறைநிலைக்குக் கீழே குளிர்கிறது. நீலகிரி மக்கள் முதலில் வரும் நீர்ப்பனியிலிருந்து பிரித்து உறைபனி என்று வழங்குவது இவ்வாறு புல்லின்மேல் வெண்மையாகப் படிவதையே. 2019 சனவரியில் மூணாற்றில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே ஏறத்தாழ 3 பாகை அளவுக்கு இறங்கியதாகச் செய்திகள் பதிவாயின. தேயிலையின் இளங்கொழுந்துகள் கருகின. அவ்விரவுகளில் பின்னிரவு 3 மணிக்கு மெல்லிய முகிற்படலம் ஒன்று பரவினால், அது நிலத்தின் வெப்பத்தைத் திருப்பியனுப்பிக் கொழுந்தைக் காத்துவிடும். அப்படலம் வருமா என்பதை முந்தைய மாலையில் எவரும் உறுதியாகச் சொல்ல இயலாது. உதகையின் தாவரவியல் பூங்காவில் மாலை தோறும் மென்செடிகளைக் கோத்தகிரி மிலார் என்னும் செடியின் கிளைகளால் மூடிவைக்கும் வழக்கம், உறைபனி வரும் என்ற உறுதியால் எழுந்ததன்று. வரக்கூடும் என்ற கருத்தால் எழுந்தது. அறிதலுக்கும் செய்தலுக்கும் இடையே இவ்வழக்கம் காட்டும் வேறுபாடு பின்னர் மிகவும் வேண்டப்படும்.

மூணாற்றின் நீர் முத்திரப்புழை வழியாகப் பெரியாற்றில் கலக்கிறது. ஏறத்தாழ 244 கிலோமீட்டர் நீளமுடைய பெரியாறு, முல்லைப்பெரியாறு, இடுக்கி முதலிய அணைகளைக் கடந்து, ஆதிசங்கரர் பிறந்த காலடியையும் சிவராத்திரிக் கூட்டத்திற்குப் பெயர்பெற்ற ஆலுவா மணற்புறத்தையும் தொட்டு, கொச்சிக்கு வடகிழக்கே ஏலூரைச் சூழ்ந்து கிளைபிரிந்து காயலை நோக்கிச் செல்கிறது. உரத் தொழிற்சாலையும் அருமண் தொழிற்சாலையும் பிற இரசாயன ஆலைகளும் நெருங்கி நிற்கும் ஏலூர், நீரால் சூழப்பட்ட தாழ்நிலம்; அங்கே கடலின் ஏற்றவற்றமும் எட்டுவதால், உப்புநீர் மேலேறாமல் தடுக்கப் பாதாளத்தில் மதகுப்பாலம் ஒன்று அமைந்துள்ளது. மேலேயிருந்து வருவது எவ்வளவு, மதகுகள் விடுவது எவ்வளவு, கடல் ஏற்க மறுப்பது எவ்வளவு என்னும் மூன்றும் சேர்ந்தே இவ்வூரின் நீர்மட்டத்தை முடிவு செய்கின்றன. உறைபனியின் விளிம்பு ஒரு பாகையில் நிற்பது போல, ஏலூரின் விளிம்பு ஓரடி நீரில் நிற்கிறது: வாசற்படிக்குக் கீழே நின்றால் அது ஆற்றுப்பெருக்கு, மேலே ஏறினால் பேரிடர். இப்பகுதியின் நில வடிவமே அத்தகைய ஒரு நாளின் விளைவு என்று பொதுவாகக் கருதப்படுகிறது. 1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் பழைய முசிறித் துறையை மண்ணால் தூர்த்துக் கொச்சித் துறைமுகத்தைத் திறந்துவிட்டது என்பது வரலாற்றாசிரியர் பலர் ஏற்ற கருத்து. மட்டாஞ்சேரியின் வணிகமும் அதன் பல்சமயக் குடியிருப்பும் அத்துறைமுகத்தைப் பற்றி வளர்ந்தவை.

மழையையும் வெள்ளத்தையும் முன்னறிதல் எவ்வகை அறிவு என்ற வினாவைத் தமிழில் முறையாக எழுப்பிய பழைய நூல் மணிமேகலை. அக்காப்பியத்தின் 27ஆம் காதையில், வஞ்சி மாநகரில் சமயக் கணக்கர் பலரை அணுகித் தத்தம் கொள்கை கேட்கும் மணிமேகலைக்கு, அளவைவாதி முதலில் அளவைகளை விளக்குகிறான். அளவை என்பது மெய்யறிவைப் பிறப்பிக்கும் வழி. வடமொழியாளர் பிரமாணம் என்பர். காண்டல், கருதல், உவமம் என்று தொடங்கிப் பத்து அளவைகளை அவன் கூறுகிறான். அவற்றுள் கருதல் என்பது அனுமானம், அதாவது கண்ட ஓர் அடையாளத்தைக் கொண்டு காணாத ஒன்றை அறிதல். இதனை அவன் பொது, எச்சம், முதல் என மூன்றாகப் பகுக்கிறான். காட்டில் எழும் ஒலி கேட்டு அங்கு யானை உண்டென உணர்வது பொது. ஆற்றில் வெள்ளம் கண்டு மேலே மழை பெய்தது என்று உணர்வது எச்சம். நீருண்ட கருமுகில் கண்டு மழை பெய்யும் என்று சொல்வது முதல். எச்சம் விளைவிலிருந்து காரணத்துக்குப் பின்னோக்கிச் செல்கிறது. முதல் காரணத்திலிருந்து விளைவுக்கு முன்னோக்கிச் செல்கிறது. வஞ்சி இன்றைய கரூரா, பெரியாற்று முகத்தை அடுத்த கொடுங்கல்லூர்ப் பகுதியா என்பதில் அறிஞர்கள் வேறுபடுகின்றனர். பின்னதைக் கொண்டால், வெள்ளத்தையும் முகிலையும் எடுத்துக்காட்டாக்கி அளவையியல் பேசிய அந்தக் காட்சி பெரியாற்றின் கரையிலேயே நிகழ்ந்ததாகிறது. எவ்வாறாயினும், வெள்ளம் கண்டு மழையறிதலும் முகில் கண்டு மழையுரைத்தலும் அனுமானத்தின் இரு தலைமைச் சான்றுகளாகத் தமிழ் மரபில் ஏற்கப்பட்டிருப்பது, வானிலை பற்றிய வினாவை மெய்யியலின் ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவருகிறது.

இச்சான்றுகள் இரண்டும் நெடுங்காலமாக ஐயுறப்பட்டவையே. கௌதமரின் நியாய சூத்திரம் அனுமானத்தை மறுப்போரின் வாதம் ஒன்றை எடுத்துரைக்கிறது: ஆறு பெருகுவது மழையால் மட்டுமன்று, அணைபோன்ற தடையாலும் ஆகலாம்; எறும்புகள் முட்டை சுமந்து செல்வதை வரும் மழைக்கு அடையாளமாகக் கொள்வர், ஆனால் புற்று சிதைந்தாலும் அவை அவ்வாறே செல்லும்; மயிலின் அகவல் கேட்டு மயில் உண்டென்பர், அதை மனிதன் ஒருவனும் போலியாக எழுப்பலாம்; ஆகவே அனுமானம் அளவையாகாது. இதற்குச் சூத்திரகாரர் தரும் விடை, குறை அனுமானத்திற்கு உரியதன்று, அடையாளத்தைச் செவ்வையாகப் பாராதவனுக்கே உரியது என்பதாகும். உரையாசிரியர் வாத்சியாயனர் இதை விரிக்கும்போது, மழையால் வரும் வெள்ளம் வெறும் நீருயர்வு அன்று, அது விரைந்த ஓட்டமும் நுரையும் அடித்துவரும் பழங்களும் இலைகளும் மரங்களும் உடையது என்கிறார். அடையாளம் எவ்வளவு நுணுக்கமாகக் குறிக்கப்படுகிறதோ அவ்வளவுக்கு அனுமானம் வலுப்பெறும் என்பது இதன் உட்பொருள்.

இந்த விவாதம் ஏட்டளவில் நின்றுவிட்ட ஒன்றன்று. 1926இல் ஒடிசாவின் பிராமணி ஆற்றில் பெருவெள்ளம் வந்தபோது, ஆற்றுப்படுகை உயர்ந்துவிட்டதே காரணம் என்றும் கரைகளை உயர்த்த வேண்டும் என்றும் பொறியாளர் கருதினர். கல்கத்தாவின் அலிப்பூர் வானிலை ஆய்வகத்தில் பணியாற்றியவரும் பின்னர் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவியவருமான பிரசாந்த சந்திர மகலனோபிசு, பல பத்தாண்டுகளின் மழை, நீர்மட்டப் பதிவுகளை ஒப்பிட்டு, படுகை குறிப்பிடத்தக்க அளவு உயரவில்லை என்றும் நீர்ப்பிடிப்பில் பெய்த மிகுமழையே காரணம் என்றும் காட்டினார். நியாய நூலாரின் சொற்களில், அடைப்பால் வந்த பெருக்கா, மழையால் வந்த பெருக்கா என்னும் அதே வினா அங்கே எண்களால் தீர்க்கப்பட்டது.

பெரியாற்றில் அவ்வினா 2018 ஆகத்தில் எழுந்தது. அவ்வாண்டு சூன் 1 முதல் ஆகத்து 19 வரை கேரளத்தில் 2,346.6 மில்லிமீட்டர் மழை பெய்ததாகவும், அது இயல்பைவிட 42 விழுக்காடு மிகுதி என்றும் மத்திய நீர் ஆணையம் கணக்கிட்டது. இடுக்கி அணைத் தொகுதியின் செறுதோணி மதகுகள் 26 ஆண்டுகளுக்குப் பின் ஆகத்து 9 அன்று திறக்கப்பட்டன. ஆகத்து 15 முதல் 17 வரை மாநிலம் முழுவதும் பெய்த மழை, 1924 சூலையின் பெருவெள்ளத்தை, அதாவது மலையாள ஆண்டு 1099இல் வந்ததால் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என்று மக்கள் நினைவில் நிற்பதை, ஏறத்தாழ ஒத்திருந்தது. நெடும்பாசேரி விமான நிலையம் ஆகத்து 29 வரை மூடப்பட்டது. ஆலுவாவும் பறவூரும் ஏலூரின் தாழ்ந்த பகுதிகளும் நீரில் மூழ்கின. மழைக்கும் மதகுக்கும் உள்ள பங்கு பற்றிய பூசல் உடனே தொடங்கியது. உயர் நீதிமன்றத்திற்கு உதவ அமர்த்தப்பட்ட வழக்குரைஞர் 2019இல் அளித்த அறிக்கை, அணை மேலாண்மையைக் குறைகூறியது. மத்திய நீர் ஆணையம் மிகுமழையையே முதற்காரணமாகக் கொண்டது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழக அறிஞர் பங்கேற்ற ஆய்வொன்று, அணைகள் முன்கூட்டியே பெரிதும் காலியாக வைக்கப்பட்டிருந்தாலும் காலடிக்கு அருகேயுள்ள நீலீசுவரம் அளவை நிலையத்தில் உச்சப்பெருக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே குறைந்திருக்கும் என்று கணித்தது. முடிந்துபோன வெள்ளத்தின் காரணத்தையே, எல்லாப் பதிவுகளும் கையில் இருக்கும்போது, இவ்வளவு வேறுபாட்டுடன்தான் சொல்ல முடிகிறது. எச்சமே இத்தனை அரிதாயின், முதல் என்பதன் நிலை என்ன?

அதற்கு மிகக் கூர்மையான விடை தந்தவர் பௌத்தத் தருக்க ஆசிரியர் தருமகீர்த்தி. மணிமேகலையின் 29ஆம் காதை தழுவும் திக்நாகர் மரபில் வந்த அவர், விளைவிலிருந்து காரணத்தை அறிதலை ஏற்றார். புகை நெருப்பின்றித் தோன்றாது. காரணத்திலிருந்து விளைவை அறிதலையோ அவர் அவ்வாறே ஏற்கவில்லை. காரணங்கள் எல்லாம் கூடி நின்றாலும், அவை படிப்படியாக மாறி விளைவாக முதிரும் இடைவெளியில் தடை நேர இடமுண்டு. ஆகவே காரணத் தொகுதியைக் கண்டு அறியத்தக்கது, அவ்விளைவை உண்டாக்கும் தகுதி அதற்கு உண்டு என்பது மட்டுமே. முகில் கண்டவன் மழை வரும் என்று அறிவதில்லை. மழை வரத் தகுந்த நிலை உள்ளது என்று அறிகிறான். மூணாற்றின் தெளிந்த மாலை உறைபனிக்குத் தகுதியுடையது. பின்னிரவின் முகில் அதற்கு நேரும் தடை. இந்திய மெய்யியலில் முன்னறிவு பற்றி எழுந்த கருத்துகளுள் இதுவே மிக நேர்மையானது என்று கொள்ளத் தோன்றுகிறது, ஏனெனில் இது எதிர்காலத்தை மறுக்கவும் இல்லை, அறிந்துவிட்டதாகப் பாவிக்கவும் இல்லை.

தருமகீர்த்தி கூறிய இடைவெளி எத்தகையது என்பதை இருபதாம் நூற்றாண்டின் கணிதம் விளக்கியது. அமெரிக்க வானிலையாளர் எட்வர்டு லாரன்சு, காற்றோட்டத்தை எளிமைப்படுத்திய சமன்பாடுகளைக் கணினியில் ஓட்டியபோது, 0.506127 என்ற எண்ணுக்கு மாற்றாக 0.506 என்று சுருக்கி இட்ட அளவிலேயே, சிறிது காலத்திற்குள் முற்றிலும் வேறான வானிலை வந்ததைக் கண்டார். அதன் கோட்பாட்டு வடிவத்தை 1963இல் வெளியிட்டார். அச்சமன்பாடுகளில் தற்செயலுக்கு இடமேயில்லை. ஒவ்வொரு நிலையும் முந்தைய நிலையால் முழுமையாக முடிவு செய்யப்படுகிறது. இருந்தும் தொடக்க நிலையைப் பற்றிய அறியாமை, அளவில் எவ்வளவு சிறிதாயினும், வளர்ந்து பெருகுகிறது. ஆகவே தடை என்பது வெளியிலிருந்து வந்து குறுக்கிடும் ஒன்றாகவே இருக்க வேண்டியதில்லை. காரணத் தொகுதியை நாம் அறிந்த முறையிலேயே அது ஒளிந்திருக்கலாம். இதற்கு வானிலையாளர் கண்ட வழி, ஒரே கணிப்பை நம்பாமல், தொடக்க நிலையைச் சற்றுச் சற்று மாற்றிப் பல கணிப்புகளை ஒருங்கே ஓட்டுவது; இதனைக் குழுமக் கணிப்பு எனலாம். இந்தியாவில் 12 கிலோமீட்டர் நுணுக்கத்தில் 21 கணிப்புகளை ஓட்டும் குழுமக் கணிப்பு முறை 2018 சூன் 1 அன்று, பெரியாற்று வெள்ளத்திற்கு இரண்டரை மாதம் முன், பணிக்கு வந்தது. இருபத்தொன்றில் பதினைந்து கணிப்புகள் பெருமழை என்றால், அது ஏறத்தாழ 70 விழுக்காடு தகுதி என்று பேசப்படும். தருமகீர்த்தி தகுதிக்கு அளவு சொல்லவில்லை. இம்முறை சொல்ல முயல்கிறது.

இவ்வாறு அளவோடு சொல்லப்படும் கூற்றின் நிலை என்ன என்பதே இனி வரும் வினா. மணிமேகலையின் அளவைவாதி, அளவை போலத் தோன்றி அளவையாகாத எட்டையும் எண்ணுகிறான். அவற்றுள் ஐயம் என்பது, தூரத்தில் தெரிவது தறியோ மனிதனோ என்று துணியாது மயங்குதல். தேராது தெளிதல் என்பது ஆராயாமலே தறியை மனிதன் என்று முடிவு கட்டிவிடுதல். இரண்டையும் தனித்தனிக் குற்றமாக வைத்தது ஆழ்ந்த நுட்பம். 70 விழுக்காடு என்னும் முன்னறிவிப்பு இவற்றுள் எதில் அடங்கும்? அது ஐயம்போல் இரு தலையிலும் சமமாக ஊசலாடவில்லை. தெளிவுபோல் ஒரு தலையை விட்டுவிடவும் இல்லை. சைன சமயத்தின் சியாத்வாதம் இங்கே நினைவுக்கு வருவது இயல்பு. ஒரு பொருளைப் பற்றிய எந்தக் கூற்றும் ஒரு நோக்கில் மட்டுமே மெய் என்றும், ஆகவே உண்டு, இல்லை, உண்டும் இல்லை, சொல்லொணாதது என்பன முதலாக ஏழு வகையாக அதனைக் கூறலாம் என்றும் கொள்ளும் அக்கோட்பாடு, 1904இல் எழுந்த தர்மநாதர் கோயிலைச் சுற்றி வாழும் மட்டாஞ்சேரிக் குசராத்திச் சைனரின் சமய மரபுக்கு உரியது. மேலே கூறிய மகலனோபிசே 1954இல் எழுதிய கட்டுரையொன்றில், புள்ளியியலின் நிகழ்தகவுச் சிந்தனைக்கு நெருங்கிய இந்தியக் கருத்தாகச் சியாத்வாதத்தைச் சுட்டினார். ஒப்புமை மதிக்கத்தக்கது, ஆயினும் முழுதும் பொருந்துவதாகத் தெரியவில்லை. சியாத்வாதம் ஒரே பொருளைப் பல நோக்குகளில் மெய்யாகக் காண்கிறது. முன்னறிவிப்போ, நாளை ஒன்றாகவே முடியப்போகும் நிகழ்ச்சியைப் பற்றி இன்று எவ்வளவு நம்பலாம் என்று கூறுகிறது. முன்னது பொருளின் பன்மையைப் பற்றியது, பின்னது அறிபவனின் எல்லையைப் பற்றியது.

உண்மையில் நிகழ்தகவுக் கூற்று பழைய அளவைநூல்களின் அடிப்படை ஒன்றையே அசைக்கிறது. அந்நூல்கள் ஒவ்வோர் அறிவையும் தனித்தனியே எடுத்து, அது பொருளோடு ஒத்ததா இல்லையா என்று கேட்கின்றன. நாளை மழைக்கு 70 விழுக்காடு வாய்ப்பு என்ற கூற்றை நாளை பெய்த மழை மெய்ப்பிப்பதும் இல்லை, பெய்யாத மழை பொய்ப்பிப்பதும் இல்லை. அவ்வாறு சொல்லப்பட்ட நாள்கள் நூற்றைத் திரட்டினால் அவற்றுள் ஏறத்தாழ எழுபதில் மழை பெய்திருக்க வேண்டும். அப்போதே அக்கூற்று மெய்யாகும். ஒரு சொல்லின் மெய்ம்மை அச்சொல்லில் இல்லாமல், சொன்னவர் ஆண்டுக்கணக்கில் காத்துவந்த ஒழுங்கில் இருக்கிறது. 1950இல் அமெரிக்க வானிலையாளர் கிளென் பிரையர் முன்மொழிந்த மதிப்பீட்டு அளவு இதனைக் கணக்கிட உதவுகிறது. சொன்ன வாய்ப்புக்கும் நிகழ்ந்ததற்கும் உள்ள வேறுபாட்டின் இருமடியை நாள்தோறும் கூட்டிச் சராசரி காணும் இவ்வளவுக்கு ஓர் அரிய பண்பு உண்டு. தான் உள்ளத்தில் நம்பும் வாய்ப்பையே வாயாலும் சொல்பவருக்கே அது நீண்ட காலத்தில் சிறந்த மதிப்பெண் தரும். அஞ்சிக் கூட்டிச் சொன்னாலும், ஆறுதலுக்காகக் குறைத்துச் சொன்னாலும், பழிக்கு அகப்படாமல் நடுவில் நின்று மழுப்பினாலும் மதிப்பெண் கெடும். உள்ளத்தோடு ஒத்த சொல்லை வற்புறுத்துவது அறநூல்களின் வேலை என்று கருதப்பட்டுவந்த நிலையில், ஒரு கணக்கு அதே வாய்மையைக் கோருவது எண்ணத்தக்கது.

வாய்மை பற்றிய இன்னொரு நெருக்கடியும் இங்கே எழுகிறது. தீமை பயவாத சொல்லே வாய்மை என்று வரையறுத்த வள்ளுவர், குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யும் வாய்மையின் இடம்பெறும் என்று அடுத்த குறளிலேயே கூறுகிறார். அவ்வாறாயின், மக்கள் விழிப்போடு இருக்கட்டும் என்று வாய்ப்பை மிகுத்துச் சொல்வது வாய்மையாகுமா? ஒரு நாளை மட்டும் நோக்கினால் ஆகலாம். ஆனால் வள்ளுவர் வைத்த நிபந்தனை நன்மை குற்றமற்றதாக இருக்க வேண்டும் என்பது; மிகுத்துச் சொன்ன எச்சரிக்கை பலமுறை பொய்த்தபின், மெய்யான எச்சரிக்கையையும் மக்கள் நம்பாமற்போவது அந்த நன்மையில் ஒட்டிய குற்றம். ஆகவே முன்னறிவிப்பில் நன்மைக்கான பொய் என்று ஒன்று இருக்க இயலாது என்பதே இக்குறளை முன்னறிவிப்போடு வைத்துப் படிக்கும்போது கிடைக்கும் முடிவு.

முன்னறிவிப்பு எவ்வகைக் கூற்று என்பதில் இருந்த தெளிவின்மையால் 2018இன் பூசல் மேலும் கசந்தது. ஆகத்து 9 முதல் 15 வரை 98.5 மில்லிமீட்டர் மழையே எதிர்பார்க்கப்பட்டதாகவும் 352.2 மில்லிமீட்டர் பெய்ததாகவும் மாநில முதலமைச்சர் கூறினார். பெருமழை எச்சரிக்கைகள் உரிய காலத்தில் விடுக்கப்பட்டன என்று இந்திய வானிலை ஆய்வுத் துறை மறுத்தது. இருதரப்பும் ஒரே நிகழ்ச்சியைப் பற்றிப் பேசினாலும் ஒரே வகைக் கூற்றைப் பற்றிப் பேசவில்லை: ஒன்று மாநிலம் முழுமைக்குமான சராசரி எண், மற்றொன்று ஆங்காங்கே பெருமழை நேரும் வாய்ப்பைச் சுட்டும் எச்சரிக்கை. சராசரி எண்ணைத் தெளிவாகக் கொள்வது தேராது தெளிதல். எச்சரிக்கையைக் கேட்டும் அணைக்கு அதன் பொருளை வகுக்காதிருப்பது ஐயத்தில் தேங்குதல்.

அறிவு குறைபடும் இடத்தில் இறைவனையோ ஊழையோ வைத்துவிடும் வழக்கமும் உண்டு. ஆலுவா மணற்புறத்தில் பெரியாறு பெருகிச் சிவலிங்கத்தை மூழ்கடிக்கும்போது, இறைவன் தானே ஆறாடியதாகப் பக்தர் மகிழ்கின்றனர். இந்நம்பிக்கை முன்னறிவிப்புக்கு எதிரானதன்று. அது வெள்ளம் வருமா என்பதைப் பற்றி எதுவும் கூறவில்லை, வந்ததை எவ்வாறு ஏற்பது என்பதைக் கூறுகிறது. இடர்ப்பாடு, வருவதற்கு முன்பே ஊழைச் சாட்டிக் கைகட்டியிருக்கும்போதுதான் தொடங்குகிறது. ஊழை விஞ்சிய வலிமை இல்லை என்று எழுதிய அதே வள்ளுவர், தளராது முயல்வோர் ஊழையும் புறங்காண்பர் என்று ஆள்வினையுடைமையில் எழுதினார்; முன்னது நிகழ்ந்தபின் தேறுதற்கும் பின்னது நிகழுமுன் செயற்படுதற்கும் உரியவை என்று கொண்டால் இரண்டும் முரண்படா.

செயலுக்கு உறுதியான அறிவு வேண்டுமா என்பதற்கு இந்தியத் தருக்க உரைகள் விடை வைத்திருக்கின்றன. பயன் கிடைக்கக்கூடும் என்ற ஐயமே முயற்சிக்குப் போதும், கேடு நேரக்கூடும் என்ற ஐயமே விலகலுக்குப் போதும் என்பது அவற்றில் பலகாலும் காணப்படும் கருத்து. விளைச்சல் உறுதியென்று அறிந்தபின்தான் விதைப்பேன் என்னும் உழவன் இல்லை. உதகையில் மிலார் பரப்பும் கைகளும் இதே நெறியில் இயங்குகின்றன: மூடுவதற்கு ஆகும் உழைப்பு சிறிது, மூடாமல் விட்டால் இழப்பது பெரிது, ஆகவே பத்தில் ஒரு வாய்ப்பும் போதும். காப்புச் செலவு இழப்பில் எத்தனை பங்கோ, அதனினும் வாய்ப்பு மிகுந்தால் செயற்பட வேண்டும் என்று இக்காலக் கணக்கு இதனை வரையறுக்கிறது. இங்கே அறிவின் அளவும் செயலின் அளவும் பிரிந்து நிற்கின்றன. வாய்ப்பை உள்ளபடி குறைவாகவே சொல்லிக்கொண்டு, காப்பை முழுமையாகச் செய்யலாம். மிகுத்துச் சொல்ல வேண்டிய தேவையே எழாது.

2018க்குப் பின் இடுக்கி அணைக்கு விதிவளைவு வகுக்கப்பட்டது, அதாவது ஆண்டின் ஒவ்வொரு காலப்பகுதியிலும் நீர் எம்மட்டத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்னும் வரம்பு. 2021 அக்டோபர் 19 அன்று அணை நிரம்புமுன்னரே அவ்விதிப்படி செறுதோணி மதகுகள் திறக்கப்பட்டன. மழை வருமா என்ற ஐயம் தீரும்வரை காத்திராமல், ஐயத்தையே கணக்கில் எழுதி வைத்துச் செயற்படும் ஏற்பாடு இது. மின்னாக்கத்திற்கு உதவியிருக்கக்கூடிய நீரை இழப்பது அதன் செலவு. பெரியாற்றின் மேற்பகுதி இவ்வகையில் ஓரளவு முன்னேறியிருக்கிறது. ஏலூரை அடையும் சொல்லோ இன்னும் நிறத்தளவில்தான் நிற்கிறது: மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு. 24 மணி நேரத்தில் 204.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பெய்யும் மழை மிகக் கனமழையினும் கடுமையானது என்று வகைப்படுத்தப்பட்டு, எர்ணாகுளம் மாவட்டம் முழுமைக்கும் ஒரே நிறம் அறிவிக்கப்படும்போது, மழையிலிருந்து ஆற்றுக்கும், ஆற்றிலிருந்து மதகுக்கும், மதகிலிருந்து ஏற்றவற்றத்துக்கும், அதிலிருந்து ஒரு குறிப்பிட்ட தெருவின் வாசற்படிக்கும் செல்லும் அனுமானத் தொடர் முழுவதும் அத்தெருவில் வாழ்பவரிடமே விடப்படுகிறது. மாடியுள்ள வீட்டார் அரிசியையும் ஆவணங்களையும் மேலே ஏற்ற அரைமணி நேரம் போதும். ஆகவே அவர்கள் பத்தில் ஒரு வாய்ப்புக்கே செயற்படலாம். இரசாயனக் கலன்களை வைத்திருக்கும் ஆலைக்கு உலைகளை அடக்க நெடுநேரமும் பெரும்பொருளும் ஆகும், ஆனால் அடக்காமல் வெள்ளம் புகுந்தால் கேடு ஆலையோடு நில்லாது ஆற்றின் கீழ்க்கரை முழுவதையும் பற்றும். இவ்விருவருக்கும் ஒரே நிறம் ஒரே பொருள் தராது. நீர்மட்டம் இத்தனை அடியைத் தாண்டும் வாய்ப்பு இத்தனை விழுக்காடு என்று, மதகின் பங்கையும் கடலின் பங்கையும் சேர்த்துக் கணித்து, ஊர் ஊராகச் சொல்லும் முன்னறிவிப்பை ஏலூருக்கு வழங்குவதும், சொன்னவற்றையும் நிகழ்ந்தவற்றையும் அருகருகே வைத்து ஆண்டுதோறும் மக்கள் பார்வைக்கு வெளியிடுவதும், வானிலைத் துறையும் நீர் ஆணையமும் மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் கூடிச் செய்யவேண்டிய பணி.